தூணோரம் நின்ற தாயார்



ஒரு கலியாணத்தில் நான் செய்த தவறு ஒன்றை முதலில் சொல்லிவிட்டு, பிறகு அதைப்பற்றி உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன். எந்த வீடு, எந்தக் கலியாணம் என்று யாரும் தேட வேண்டாம். தேடினால் ஒரு வீடல்ல, பல வீடு அகப்படும். சம்பந்தப்பட்ட தாயாரிடம் உத்தரவு கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன்.

தாலி மந்திரிக்கிற நேரம். பெண்ணின் பெரியப்பாவும் பெரியம்மாவும் பூவும் தாலியும் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு பீடத்தண்டை வந்தார்கள். மந்திரித்துக் கொடுத்தேன், மாப்பிள்ளை கட்டினான், பாட்டுக்காரர்கள் பாடினார்கள். எல்லாம் முறைப்படியே நடந்தது. பூசை முடிந்து பதிவேட்டில் கையொப்பம் வாங்கும்போதுதான், "பெண்ணின் தாயார் எங்கே?" என்று கேட்டேன். தென்புறத்து மூன்றாம் தூணுக்குப் பின்னால், முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு அவர் நின்றிருந்தார். அங்கே நின்றால் பீடம் தெரியாது. தம்முடைய ஒரே மகளின் கழுத்தில் தாலி ஏறியதை அந்தத் தாயார் காணவில்லை.

அவருடைய கணவர் இறந்து ஒன்பது வருஷமாகிறது. அந்த ஒன்பது வருஷமும் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக் கேண்டீனில் பாத்திரம் துலக்கி, அந்தப் பெண்ணைப் படிக்க வைத்து, சீட்டுக் கட்டி நகை சேர்த்து, மாப்பிள்ளை பார்த்து, பங்கு அலுவலகத்துக்கு வந்து ஓலை எழுதிக் கொடுத்தவர் அவரே. பெரியப்பாவும் பெரியம்மாவும் நல்லவர்கள்தான். ஆனால் கலியாணத்துக்கு முந்தின நாள் ரயிலில் வந்து இறங்கியவர்கள்.

என் தவறு இதுதான்: முந்தின நாள் மாலை ஒத்திகையின்போது, "தட்டை யார் ஏந்துவது?" என்று நானே கேட்டேன். பெரியப்பா, பெரியம்மா என்றார்கள். காகிதத்தில் குறித்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. நான் இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவன். கேளாமலே காரணம் எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் கேட்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டு வாரங்கழித்து அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாயார் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, தாம் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "நீங்க கூப்பிட்டிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன் சாமி. நாளைக்கு அந்தப் புள்ளைக்கோ மாப்பிள்ளைக்கோ ஒரு தலைவலி வந்தாக்கூட, இவ கை பட்ட தாலிதானேன்னு சொல்லிடுவாங்க. அந்தப் பேச்சைக் கேட்டுக்கிட்டு அவ வாழ முடியுமா?"

இந்தப் பதிலை நன்றாகக் கவனியுங்கள். தம் கை அமங்கலமான கை என்று அவர் சொல்லவில்லை. அப்படி நாம் சொல்லிவிடுவோம் என்று பயந்தார். கலியாண வீட்டில் பலரும் என்னிடம் சமாதானமாகச் சொன்னது வேறு: "யாரும் தடுக்கலையே ஃபாதர், அவங்களாத்தான் ஒதுங்கிக்கிட்டாங்க." மெய்தான். கையைப் பிடித்து யாரும் இழுக்கவில்லை. ஆனால் தானாக ஒதுங்குவது என்றால் என்ன?

குருமடத்தில் நன்னெறி சாஸ்திரம் படிக்கும்போது எங்கள் ஆசிரியர் கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் காட்டிய உதாரணம் ஒன்றை அடிக்கடி எடுப்பார். புயலில் அகப்பட்ட கப்பலோட்டிகள் சரக்கைக் கடலில் எறிகிறார்கள். அது மனமுவந்த செயலா, பலவந்தத்தால் நிகழ்ந்ததா? கையை அசைத்து எறிகிறவன் அவனே. ஆகையால் ஒருவகையில் அவன் மனதாரச் செய்ததே. ஆனாலும் புத்தியுள்ள எவனும் அமைதியான கடலில் தன் சரக்கை எறியமாட்டான். அதனால் அது கலப்பான செயல் என்பார்கள். அந்தத் தாயாரும் மகளைக் காப்பாற்றும்பொருட்டுத் தமக்குரிய ஒன்றைக் கடலில் எறிந்தார். "அவராகவே எறிந்தார்" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொள்கிற நாம், அந்தப் புயலைக் கிளப்பியவர் யார் என்று கேட்க வேண்டாமா? கடற்புயல் தானாய் வரும். இந்தப் புயல் கலியாணப் பந்தலில் வெற்றிலை மெல்லுகிற வாய்களிலிருந்து வருகிறது.

துக்கம் ஒன்று, விதவைக்கோலம் வேறொன்று. கணவன் இறந்தபோது வருகிற துக்கம் அவளுடையது. அது எவ்வளவு, எத்தனை நாள் என்பது அவளுக்கும் சர்வேசுரனுக்கும் தெரியும். ஆனால் கோலம் நாம் கொடுத்தது. அவள் அழுது முடித்த பின்னும் நாம் அதைக் களைய விடுவதில்லை. அவள் அழவே இல்லாவிட்டாலும், அதாவது அடித்து உதைத்த குடிகாரனோடு வாழ்ந்து ஒருவாறு மூச்சுவிட்டவளாயிருந்தாலும், நாம் அதை மாட்டாமல் விடுவதில்லை.

நம் பழந்தமிழ் இலக்கணத்திலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. தொல்காப்பியம் காஞ்சித் திணையில் இரண்டு நிலைகளைச் சொல்கிறது. மனைவியை இழந்த கணவனுடைய நிலை தபுதார நிலை. கணவனை இழந்த மனைவியுடைய நிலை தாபத நிலை. தபுதாரம் என்றால் தாரம் இறந்துபட்டது, அவ்வளவே. அந்த ஆணுக்கு நேர்ந்த இழப்பை அப்பெயர் சொல்கிறது. தாபதம் என்றாலோ தவம், நோன்பு. பெண்ணுடைய பெயரில் அவளுக்கு நேர்ந்த இழப்பு இல்லை. அதன்பின் அவள் செய்யவேண்டிய கடமைதான் இருக்கிறது. ஆணுக்கு நேர்ந்தது ஒரு நிகழ்ச்சி. பெண்ணுக்கோ அது ஓர் உத்தியோகமாகிவிட்டது. அந்த உத்தியோகம் எப்படிப்பட்டதென்பதைப் புறநானூற்றில் பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு சொல்லியிருக்கிறாள். நெய் சேராத சோறு, வேளைக் கீரை, பாயில்லாமல் பரற்கல்லின்மேல் படுக்கை. இப்படி வாழ்வதைவிட ஈமத்தீயே மேல் என்று அந்த அரசி தீயில் இறங்கினாள். அவளைக் கற்பரசி என்று புகழ்வார்கள். எனக்கென்னவோ, வேறு வாசல் இல்லாத வீட்டில் திறந்திருந்த ஒரே வாசல் வழியாக ஒருத்தி வெளியேறினாள் என்றே தோன்றுகிறது.

"தபுதாரர்" என்ற சொல் இலங்கைத் தமிழில் அரசாங்க ஓய்வூதியத் தாள்களில் இன்றும் உண்டு. நம் ஊரில் அந்தச் சொல்கூட இல்லை. மனைவியை இழந்தவனைக் குறிக்க நாம் பேச்சில் ஒரு சொல்லும் வைத்துக்கொள்ளவில்லை, தேவைப்படவில்லை. விதவை என்னும் சொல்லில் பொட்டில்லை, கைம்பெண் என்று எழுதினால் இரண்டு பொட்டு வரும் என்று மேடைகளில் நயமாகச் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சொல்லுக்குப் பொட்டு வைத்துவிட்டோம், ஆளுக்கு?

இந்தக் கடுமை தமிழர் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததென்று நினைத்துவிடாதீர்கள். உழைத்துப் பிழைக்கிற பல சாதிகளில் அறுத்துக் கட்டுகிற வழக்கம் வெகுகாலம் இருந்தது. கணவன் இறந்தால் தாலியை அறுப்பார்கள்; பிறகு வேறொருவன் தாலி கட்டுவான். காட்டில் வேலை செய்கிற வீட்டில் ஒரு வயதுப்பெண்ணை மூலையில் உட்காரவைத்துச் சோறு போட யாரால் முடியும்? ஆனால் அந்த வழக்கத்தை மேல்சாதியார் ஏளனம் பண்ணினார்கள். ஏளனத்துக்கு அஞ்சி, கையில் நாலு காசு சேர்ந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாய் அதைக் கைவிட்டன. நல்ல வழக்கத்தை விட்டுப் பொல்லாத வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கௌரவம் என்று பெயரும் வைத்தோம். நம் பக்கத்திலும் இதைக் காண்கிறேன். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் வந்தபின் நிலம் விற்றுப் பணம் பார்த்த வீடுகளில், கார் வந்தது, மாடி வந்தது; பாட்டி காலத்தில் இல்லாத நாள் நட்சத்திரமும் சகுனமும் கூடவே வந்தன.

சட்டம் தன்னால் இயன்றதைச் செய்துதான் இருக்கிறது. ஈசுவர சந்திர வித்தியாசாகரின் முயற்சியால் 1856-ல் இந்து விதவைகள் மறுமணச் சட்டம் வந்தது. ஆனால் அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு, மறுமணம் செய்தால் முதற் கணவன் சொத்தில் அவளுக்கிருந்த உரிமை போய்விடும் என்றது. ஒரு கையால் கதவைத் திறந்து, மறு கையால் அவள் மடியைத் தடவிப்பார்த்து அனுப்பிய கதைதான். அந்தச் சட்டம் 1983-ல் நீக்கப்பட்டது. நம் கிறிஸ்தவர்களும் சிரிக்க வேண்டாம். திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தின் 1916-ம் வருஷத்துக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டமும், விதவைக்கு அவள் உயிரோடிருக்கும்வரை, அல்லது மறுமணம் செய்யும்வரை மட்டுமே நிலத்தில் அனுபவ பாத்தியதை கொடுத்தது. நமக்கு இன்று பொருந்துகிற 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவனின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு; மீதி பிள்ளைகளுக்கு. இது அவளுக்கு முழு உரிமையாய்ச் சேரும் பங்கு. மைத்துனன்மார் கொண்டுவருகிற தாளில் கையெழுத்துப் போடுமுன் நம் சகோதரிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். படித்துக் காட்ட ஆளில்லையென்றால் தாளை என்னிடம் கொண்டுவரட்டும்.

2011-ம் வருஷத்துக் குடிக்கணக்கின்படி நம் தேசத்தில் விதவைகள் ஏறக்குறைய 4.3 கோடிப் பேர். மனைவியை இழந்த ஆண்கள் ஏறக்குறைய 1.2 கோடிப் பேர். பெண்கள் நெடுநாள் வாழ்கிறார்கள், தம்மைவிட மூத்தவனுக்கு வாழ்க்கைப்படுகிறார்கள் என்பது ஒரு காரணம். மற்றது உங்களுக்கே தெரியும். மனைவி இறந்து ஆறுமாதம் ஆகுமுன்னே, "புள்ளைங்களைப் பாத்துக்க ஆள் வேணுமே" என்று ஆணுக்கு நாம் பெண் தேடுகிறோம். அதே ஆறாம் மாதத்தில், கையில் இரண்டு குழந்தையோடு நிற்கிற இருபத்தாறு வயதுப் பெண்ணிடம், "புள்ளைங்களுக்காக வாழ்ந்துடும்மா" என்கிறோம். பிள்ளைகள் அவனுக்கு மறுமணத்துக்குக் காரணம். அவளுக்கு மறுமணம் கூடாதென்பதற்குக் காரணம்!

மற்ற ஜனங்கள் எப்படி? மோயீசன் சட்டத்தில், ஆண்பிள்ளை இல்லாமல் இறந்தவனின் மனைவியை அவன் சகோதரன் ஏற்கவேண்டும் என்றிருந்தது. கென்யா தேசத்து லூவோ மக்களிடையேயும் இறந்தவனின் உறவுமுறையான் ஒருவன் அவளை ஏற்கும் வழக்கம் உண்டு. அங்கே அவளுக்குச் சோறும் கூரையும் கிடைக்கும். ஆனால் யாரோடு வாழ்வதென்று அவளைக் கேட்பது அரிது. இஸ்லாமியரிடையே நான்கு மாதமும் பத்து நாளும் துக்கக் காலம்; அதன்பின் அவள் மறுமணம் செய்துகொள்ளத் தடையில்லை. இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி 1861-ல் கணவரை இழந்து, 1901-ல் தாம் இறக்கும்வரை நாற்பது வருஷம் கறுப்பு உடையைக் களையவில்லை. அது அவருடைய பிரியம். ஆனால் கவனியுங்கள், கறுப்பு உடுத்திய அந்த ராணியைப் பார்த்து எந்த மந்திரியும் அபசகுனமென்று அரண்மனைப் படியிலிருந்து திரும்பிப் போகவில்லை. துக்கம் அனுசரிப்பதையும் ஒதுக்கிவைப்பதையும் நாம்தான் ஒன்றாய்க் கட்டி வைத்திருக்கிறோம்.

கட்டியதை அவிழ்க்கவும் முடியும். மராட்டிய மாநிலத்தில் கோலாப்பூர் ஜில்லாவைச் சேர்ந்த ஹேர்வாட் என்ற கிராமம் 2022 மே மாதம் கிராமசபை கூட்டி, வளையல் உடைப்பது, குங்குமம் அழிப்பது, தாலியும் மெட்டியும் கழற்றுவது ஆகிய சடங்குகள் இனி வேண்டாமென்று தீர்மானம் செய்தது. அந்த மாதமே மாநில அரசாங்கம் மற்றக் கிராமங்களும் அதைப் பின்பற்றும்படி எழுதிற்று. நம் மாநிலத்திலோ, ஈரோடு ஜில்லாவில் ஒரு விதவை கோவில் திருவிழாவுக்குப் போகவே உயர்நீதிமன்றத்துக்குப் போகவேண்டியிருந்தது. 2023 ஆகஸ்டில் அவருக்குச் சாதகமாக உத்தரவாயிற்று.

இங்கே கடற்கரையிலிருந்து ஒரு காரியம் சொல்கிறேன். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வந்தபோது கன்னியாகுமரிக் கடற்கரையின் கத்தோலிக்க ஊர்களான தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலியவற்றிலிருந்து போன மீனவர் பலர் திரும்பவில்லை; சடலமும் கரை சேரவில்லை. ஏழு வருஷம் செய்தி இல்லாமலிருந்தால்தான் ஒருவன் இறந்ததாய்க் கொள்வது சட்டத்தின் பொது விதி. அந்த மனைவிகள் யார்? சுமங்கலிகளா, விதவைகளா? இலங்கையில் 2009-ல் முடிந்த யுத்தத்தில் காணாமற் போனோரின் மனைவிகளில் பலர் இன்னும் பொட்டு வைத்துக்கொள்கிறார்கள்; அழித்தால் புருஷன் செத்துவிட்டான் என்று தாமே ஒப்புக்கொண்டதாகும் என்பது அவர்கள் மனம். அவர்களுக்கென்று 2016-ல் அங்கே "காணாமற்போனமைச் சான்றிதழ்" என்று புதிதாய் ஒரு தாளையே சட்டத்தில் உண்டாக்கினார்கள். இதிலிருந்து ஒன்று விளங்கவில்லையா? மங்கலமும் அமங்கலமும் அந்தப் பெண்ணின் உடம்பில் ஒட்டிய குணங்களானால், எங்கோ கடலில் அவன் மூச்சு நின்ற அந்த நிமிஷமே அவள் மாறியிருக்க வேண்டும். அப்படி ஒன்றும் ஆகவில்லை. அவள் மீன் கூடை சுமந்தாள், பிள்ளைக்குச் சோறு ஊட்டினாள், கலியாணத்துக்குப் போய் வாழ்த்தினாள். அவளை மாற்றுவது நாம் சொல்லுகிற சொல்லே.

இனி நம் திருச்சபைக்கு வருவோம். ஆதித் திருச்சபையில் எழுந்த முதற் சண்டை எதைப்பற்றியது என்று உங்களில் எத்தனைபேர் அறிவீர்கள்? சோற்றைப்பற்றியது, விதவைகளின் சோற்றைப்பற்றியது. கிரேக்க பாஷை பேசிய விதவைகளைத் தினசரிப் பந்தியில் கவனிக்காமல் விடுகிறார்கள் என்று முறுமுறுப்பு உண்டாயிற்று. அப்போஸ்தலர்கள் அதை அற்பமென்று தள்ளாமல், அதற்காகவே ஏழு பேரைத் தெரிந்து கைகளை விரித்து ஜெபித்தார்கள். அவர்களில் ஒருவர் அர்ச். முடியப்பர். அர்ச். சின்னப்பரோ விதவைகளைக் கனம்பண்ணச் சொல்லுகிறார். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களை ஒரு தனி வரிசையாய்ப் பதிவு செய்யச் சொல்லுகிறார். வயது குறைந்தவர்கள் மறுமணம் செய்துகொள்வதே நலம் என்கிறார். திருச்சபை விதவையின் மறுவிவாகத்தை ஒருபோதும் தடுத்ததில்லை. மெய்விவாகத்தின் கட்டு மரணமட்டும்தான்.

இன்னொன்று. தாலியை மந்திரிக்க நம்மிடம் செபமுண்டு. தாலியைக் கழற்ற நம்மிடம் செபமும் இல்லை, சடங்கும் இல்லை. கல்லறையில் மண் போட்டு நான் வீடு திரும்பியபின், கொல்லைப்புறத்தில் நாலு பேர் மறைப்புப் பிடிக்க நடக்கிற காரியம் திருச்சபை அறியாத காரியம். பிறந்த வீட்டார் கோடி போடுவது, "உன்னைக் கைவிடமாட்டோம்" என்பதற்கு அடையாளமானால் நல்லதே, போடுங்கள். ஆனால் வளையலை உடைக்கும் கை எந்த ஞான உபதேசத்தில் படித்தது? சகுனம் பார்ப்பது முதற் கற்பனைக்கு விரோதமான பாவம் என்று சிறுவயதில் ஒப்பித்தவர்கள்தானே நாம்?

நம் ஊரிலிருந்து வெகு தூரமில்லாத கீழச்சேரியை உங்களில் பலர் அறிவீர்கள். ஆந்திர நாட்டுப் பிரங்கிபுரத்தில் 1822-ல் பிறந்த ஞானம்மா என்ற தாயார், உபாத்தியாயராயிருந்த தம் கணவர் இறந்தபின் அங்கே வந்து சேர்ந்தார். ஐந்து ஆண்பிள்ளைகளைப் பெற்ற விதவை. 1863-ல் கீழச்சேரியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். பெண் எழுத்தறிந்தால் வீட்டுக்கு ஆகாது என்று சொன்ன காலம் அது. சென்னையிலும் பிரங்கிபுரத்திலும் உள்ள அர்ச். அன்னம்மாள் கன்னியர் சபைகள் இரண்டும் அவரையே ஸ்தாபகத் தாயாராகக் கொண்டாடுகின்றன. அவர் 1874-ல் இறந்தார். அவர் வாழ்ந்த அந்நாட்களிலும் ஒருவன் காலையில் வீட்டைவிட்டுப் புறப்படும்போது அவரை எதிரே கண்டு திரும்பி உள்ளே போயிருப்பான். அவனுடைய பேத்திக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது அவர் ஏற்படுத்திய பள்ளிக்கூடமாக இருக்கலாம். இந்துக்களிடையேயும் இப்படி ஒருவர் உண்டு. பால்ய விதவையான சகோதரி சுப்புலட்சுமி, சென்னையில் கன்னியர்கள் நடத்திய பிரசன்டேஷன் கான்வென்டில் பயின்று, 1911-ல் பி.ஏ. தேறி, விதவைச் சிறுமிகளுக்கு இல்லம் நடத்தினார். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸில் அந்தச் சிறுமிகள் தங்கிப் படித்தார்கள்.

ஆனால் எல்லா விதவையும் ஞானம்மாவாக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதுவும் ஒரு வகைக் கொடுமைதான். சாதாரணமாய் வாழவிடாமல், "தியாகியாய் இரு, அப்போது மதிப்போம்" என்பது.

நம் தெருவிலேயே நடப்பதைச் சொல்கிறேன். முதல் ஷிப்டுக்குப் போகிற ஒரு சகோதரி. கம்பெனி பஸ் காலை ஐந்தேகாலுக்கு நெடுஞ்சாலை முனைக்கு வரும். எதிர்வீட்டில் ஒரு வாலிபன் வேலைக்கு நேர்முகத்துக்குப் போகிறான். அவள் கதவைத் திறந்ததும் அந்த வீட்டார் அவனை உள்ளே இழுத்துத் தண்ணீர் குடிக்கச் சொல்லி உட்காரவைத்தார்கள். இரண்டாம் தடவையும் அப்படியே. அதுமுதல் இவள், எதிர்வீட்டு வாசல் அரவமடங்கும்வரை கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். மாதத்தில் இரண்டு தடவையாவது பஸ் போய்விடுகிறது. அன்றைய சம்பளமும் போய்விடுகிறது. "கம்பெனிக்குள்ள போயிட்டா நான் யாருக்கும் சகுனம் இல்லை சாமி. அடையாள அட்டையில நம்பர்தான் இருக்கு" என்றாள். எதிர்வீட்டார் யார் என்று கேட்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவளுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து நற்கருணை வாங்குகிறவர்கள்.

உதவித்தொகை இருக்கிறதே என்பீர்கள். ஆதரவற்ற விதவைகளுக்கு 1975-ல் நம் மாநிலம் ஏற்படுத்திய மாதாந்தர உதவி 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. வேண்டியதுதான், கிடைக்காதவர்கள் அலுவலக நாட்களில் வந்தால் மனு எழுதித் தரப்படும். கைம்பெண்களுக்கு 2022-ல் ஒரு நலவாரியமும் அமைந்தது. ஆனால் அந்த எதிர்வீட்டு வாசலைத் திறந்துவிட எந்த வாரியத்தாலும் ஆகாது. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் விதவைக்குக் கொடுபடும் தொகை அவள் மரிக்கும்வரை, அல்லது மறுமணம் செய்யும்வரை என்று எழுதியிருக்கிறது. அதில் அரசாங்கத்துக்கு ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு, "பென்ஷன் போயிடும், எதுக்கு இன்னொரு கலியாணம்?" என்று சகோதரன் சொல்லும்போது, அவன் எண்ணுவது அவளுடைய வாழ்வையா, தன் வீட்டு வரவையா என்பதை அவனே ஆத்தும சோதனை செய்துகொள்ளட்டும்.

கானாவூர்க் கலியாணத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே தேவமாதா இருந்தார்கள் என்று அர்ச். அருளப்பர் எழுதுகிறார், சூசையப்பரைப்பற்றிப் பேச்சே இல்லை. அதற்கு முன்பே அவர் நல்மரணம் அடைந்துவிட்டார் என்பது திருச்சபையில் தொன்றுதொட்டு வருகிற எண்ணம். அப்படியானால் அந்தப் பந்தலில் நின்றது ஒரு விதவை. கூட்டத்தில் ஒருவரும் கவனியாதிருக்க, ரசம் தீர்ந்துபோனதைக் கவனித்தவர் அவர். பணிவிடைக்காரரிடம் பேசியவர் அவர். நம் வழக்கப்படி யாராவது அவரைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தால் அந்தக் கலியாணம் அவமானத்தோடு முடிந்திருக்கும்.

இப்போது ஓலை எழுத வருகிற குடும்பங்களிடம் தட்டை யார் ஏந்துவது என்று முதல் நாளே கேட்கிறேன். ஏன் என்றும் கேட்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒரு குடும்பம், யோசித்துச் சொல்கிறோம் என்று போய், வேறொரு பங்கில் கலியாணத்தை வைத்துக்கொண்டது. பாஸ்காவுக்குப் பின் நடந்த ஒரு கலியாணத்தில் மட்டும், விதவையான தாயார் ஒருவர் தம் மகளின் தாலித் தட்டை ஏந்தி வந்தார். கை நடுங்கிற்று, தட்டில் இருந்த மெழுகுதிரித் தாங்கி ஆடுகிற சத்தம் முன்வரிசைவரை கேட்டது. கொடுத்துவிட்டுப் போய் இரண்டாம் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

தூணோரம் நின்ற அந்த முதல் தாயாரும் அன்றைக்குக் கோவிலில் இருந்தார். இது நடந்து இரண்டு மாதமாகிறது. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து போகும்போது என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்: "அந்தப் பொண்ணு நல்லா இருக்குதா சாமி?"

"நல்லா இருக்கும்மா" என்கிறேன். அடுத்த ஞாயிறும் கேட்பார்.